காத்திருப்பதா, இப்போதே வாங்குவதா? மின்சாரக் கார் வரலாற்றில் ஒரு பழைய கேள்வி

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி அரும்பாவூர். தேர், வாகனங்கள், சாமி சிலைகள் செய்யும் மரச்சிற்பக் கலையால் பெயர் பெற்ற இவ்வூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூர் இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லை. ரயில் ஏற அரியலூருக்குப் போக வேண்டும். பெரிய மருத்துவமனைக்குத் திருச்சி, வியாபாரத்துக்கு ஆத்தூர், சேலம், வேலைக்குச் சென்னை என எல்லாப் பயணமும் சாலை வழியாகவே தொடங்குகிறது. இத்தகைய ஊரில் கார் வாங்குவது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பையும், அதன் பின் ஐந்து முதல் ஏழு ஆண்டு மாதத் தவணையையும் தீர்மானிக்கும் முடிவாகும்.

பெட்ரோல், டீசல் கார் வாங்குவோர் இன்றைய மாடலுக்கும் அடுத்த ஆண்டு மாடலுக்கும் இடையே அதிகம் தயங்குவதில்லை. மின்சாரக் காரில் நிலை வேறு. அடுத்த மாடல் கூடுதல் தூரம் ஓடலாம், விரைவில் சார்ஜ் ஏறலாம், விலையும் குறையலாம். அதனால் "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. இந்தக் கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. காத்திருந்தவர்களும் காத்திராதவர்களும் எங்கே லாபம் அடைந்தார்கள், எங்கே இழந்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கேள்வியின் வேர்: பேட்டரி

மின்சார வண்டி தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. 1895-ல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. டிராம் தனக்கு வேண்டிய மின்சாரத்தை வழித்தடத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. சாலையில் விருப்பப்படி ஓடும் காரோ மின்சாரத்தைத் தன்னுடன் சுமந்து செல்ல வேண்டும். அதைச் சுமப்பது பேட்டரி. மின்சாரக் காரில் விலை மிகுந்த பகுதியும், ஆண்டுதோறும் மாறிவரும் பகுதியும் அதுவே. எனவே "புதிய மாடலுக்காகக் காத்திருப்பது" என்பது பெரும்பாலும் "புதிய பேட்டரிக்காகக் காத்திருப்பது" என்றே பொருள்படும்.

எடிசனின் வாக்குறுதி

1900-ல் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 மோட்டார் வண்டிகளில் 1,575 மின்சார வண்டிகள். பெட்ரோல் வண்டிகள் 936 மட்டுமே. மற்றவை நீராவியால் ஓடியவை. மின்சார வண்டி சத்தமும் புகையும் இல்லாதது, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டிய தொல்லையும் இல்லாதது. குறை, கனமான ஈய-அமிலப் பேட்டரி.

இக்குறையைத் தீர்ப்பதாகத் தாமஸ் ஆல்வா எடிசன் அறிவித்தார். நிக்கல்-இரும்புப் பேட்டரி செய்ய 1901-ல் தனி நிறுவனம் தொடங்கினார். அவரது புகழ் காரணமாகச் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. முதல் பேட்டரிகள் விற்பனைக்கு வந்த சிறிது காலத்திலேயே கசிவும் திறன் குறைவும் வெளிப்பட்டன. எடிசன் தயாரிப்பை நிறுத்தி, மீண்டும் ஆய்வில் இறங்கினார். திருத்தப்பட்ட பேட்டரி சந்தைக்கு வந்தபோது 1910 நெருங்கிவிட்டது.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1908-ல் மாடல் டி காரை வெளியிட்டது. 1912-ல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடி சுற்றும் வேலையை நீக்கியது. அதே ஆண்டில் பெட்ரோல் கார் ஒன்று 650 டாலருக்குக் கிடைக்க, இருவர் அமரும் மின்சாரக் கார் 1,750 டாலருக்கு விற்றது. வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்பட்ட பேட்டரிக்காக வாங்குவதைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளில், மின்சாரக் கார் தனது முன்னிலையை இழந்தது. எடிசனின் பேட்டரி பிற்காலத்தில் ரயில்வே, சுரங்கம் போன்ற துறைகளில் நெடுங்காலம் பயன்பட்டது. ஆனால் காருக்கு அது காலம் கடந்தே வந்தது.

இந்தியாவின் காத்திருப்புக் காலம்

இந்தியாவில் கார் வாங்கக் காத்திருப்பது வேறு காரணத்தால் வந்த பழக்கம். விடுதலைக்குப் பின் யார் எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையின் தென்புறம் வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் ஸ்டாண்டர்டு என மூன்று நிறுவனங்களே முக்கியக் கார் தயாரிப்பாளர்கள். முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பஜாஜ் ஸ்கூட்டருக்கோ பத்தாண்டுகள் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கையில் உடனே கிடைக்கும் பழைய வண்டி, புதிய வண்டியின் விலையைவிட அதிகமாக விற்ற காலம் அது.

அவ்வளவு காத்திருந்தும் கிடைத்தது மேம்பட்ட மாடல் அல்ல. 1950-களின் இறுதியில் வந்த அம்பாசடர், முகப்பிலும் எஞ்சினிலும் சில மாற்றங்களுடன் 2014 வரை ஏறத்தாழ அதே உருவில் தயாரானது. எனவே அக்காலத்தில் "இப்போது வாங்குவதா, புதிய மாடல் வரட்டுமா" என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் கிடைத்ததை வாங்குவதே அறிவுடைமை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது. 1986-லேயே மாருதி 800-இன் உருவம் மாற்றப்பட்டது. வாங்கிய கார் சில ஆண்டுகளில் "பழைய மாடல்" ஆகிவிடும் அனுபவம் இந்தியக் குடும்பங்களுக்கு அப்போது அறிமுகமானது. அதே காலத்தில் எதிர்ப்பக்கப் பாடம் ஒன்றைச் சென்னை கற்றுத் தந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-ல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் காரின் உடலமைப்பைக் கொண்டது. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காரின் எஞ்சின். விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம். சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது. ஆவலுடன் முதலில் வாங்கியவர்கள் உதிரிபாகங்களைத் தேடி அலையும் நிலைக்கு ஆளாயினர்.

லவ்பேர்டு, ரேவா

இந்தியாவின் முதல் மின்சாரக் கார் எனப்படும் லவ்பேர்டு 1993-ல் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் கூட்டுறவுடன் உருவாக்கிய இக்கார் கேரளத்தின் சாலக்குடியிலும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும் தயாரானது. இரண்டு பேர் அமரலாம். ஈய-அமிலப் பேட்டரியில் ஏறத்தாழ 60 கி.மீ. ஓடும். மிகச் சில கார்களே விற்றன.

2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா, ஒரு சார்ஜில் ஏறத்தாழ 80 கி.மீ. ஓடியது. லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் அது புகழ் பெற்றது. 2010-ல் மஹிந்திரா இந்நிறுவனத்தை வாங்கி, 2013-ல் லித்தியம்-அயன் பேட்டரியுடன் இ2ஓ காரை வெளியிட்டது. ஈய-அமிலப் பேட்டரிக் காரை வாங்கத் தயங்கி, லித்தியம் பேட்டரிக்காகக் காத்திருந்தவர்கள் இங்கு சரியாகவே கணித்தனர். தொழில்நுட்பமே மாறும் கட்டத்தில் காத்திருப்பு பலன் தரும் என்பதற்கு இது சான்று.

2019-க்குப் பின்: மாடல்கள் ஓடிய வேகம்

ஹூண்டாய் நிறுவனம் தனது சென்னைத் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தி, கோனா எலக்ட்ரிக் காரை 2019 ஜூலை 9 அன்று 25.30 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வெளியிட்டது. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கோனாவின் விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இறங்கியது. ஜூலையில் பில் போட்டவருக்கும் ஆகஸ்டில் பில் போட்டவருக்கும் இடையே இருந்த வேறுபாடு சில நாட்களே.

இந்தியாவில் மின்சாரக் காரைப் பரவலாக்கிய டாடா நெக்ஸான் இ.வி.யின் வரலாறு இன்னும் தெளிவான படம் தருகிறது. பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வர். மின்கட்டண அட்டையில் நாம் காணும் ஒரு யூனிட்டும் அதுவே.

2020 ஜனவரி: 30.2 யூனிட் பேட்டரி, அறிவிக்கப்பட்ட தூரம் 312 கி.மீ., தொடக்க விலை 13.99 லட்சம்.

2022 மே: 40.5 யூனிட் பேட்டரியுடன் மேக்ஸ் மாடல், 437 கி.மீ., தொடக்க விலை 17.74 லட்சம்.

2023 செப்டம்பர்: முகப்பும் உட்புறமும் மாறிய மாடல், பெரிய பேட்டரியில் 465 கி.மீ.

2024 பிப்ரவரி: பேட்டரி விலை இறங்கியதைக் காரணம் காட்டி, அதிகபட்சம் 1.2 லட்சம் வரை விலைக் குறைப்பு.

2024 செப்டம்பர்: 45 யூனிட் பேட்டரி, 489 கி.மீ., இந்தப் பேட்டரியுடன் தொடக்க விலை 13.99 லட்சம்.

2020-ல் 30.2 யூனிட் பேட்டரி கிடைத்த அதே 13.99 லட்சத்துக்கு, 2024-ல் 45 யூனிட் பேட்டரி கிடைத்தது. மேலே உள்ள தூரங்கள் சோதனைச் சாலை அளவுகள். நடைமுறையில் முதல் மாடல் 200 கி.மீ.யைச் சற்றே தாண்டியது என்பதே பலரது அனுபவம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் உலகச் சந்தை. புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்கில், 2010-ல் யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024-ல் 115 டாலராக இறங்கியது. சீனத் தொழிற்சாலைகளின் பெருக்கமும், நிக்கல், கோபால்ட் தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வளர்ச்சியும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

காத்திருந்து இழந்தவர்கள்

மேலே உள்ள பட்டியலை மட்டும் பார்த்தால், காத்திருப்பது எப்போதும் லாபம் என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

முதலாவதாக, விலை நேர்கோட்டில் இறங்குவதில்லை. லித்தியம் தட்டுப்பாட்டால் 2022-ல் பேட்டரியின் சராசரி விலை உயர்ந்தது. 2021-ல் வாங்காமல் அடுத்த ஆண்டு மலிவாகும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர்.

இரண்டாவதாக, சலுகைகளுக்கு முடிவு நாள் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடனின் வட்டிக்கு, வருமான வரிச் சட்டப் பிரிவு 80இஇபி-இன்படி ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை கழிவு கிடைத்தது. அந்த நாளுக்குப் பின் கடன் வாங்கியவர்களுக்கு இச்சலுகை இல்லை. தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்கான சாலை வரி விலக்கும் இவ்வாறே தேதியிட்டு வழங்கப்பட்டது. 2022 இறுதி வரை இருந்த விலக்கை, 2023-ஆம் ஆண்டுக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. இத்தகைய நாட்களை அறியாமல் காத்திருப்பவர் விலைக் குறைப்பில் பெறுவதை வரியில் இழக்கக்கூடும்.

மூன்றாவதாக, சில மாடல்கள் வருவதே இல்லை. டெஸ்லா மாடல் 3 காருக்கு 2016-ல் இந்தியர்களும் 1,000 டாலர் கட்டிப் பதிவு செய்தனர். டெஸ்லா இந்தியாவில் விற்பனை தொடங்கியது 2025 ஜூலையில்தான். அப்போதும் வந்தது மாடல் 3 அல்ல, ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய் விலையுள்ள மாடல் ஒய். 2017 நவம்பரில் காட்டப்பட்டு, 2020-ல் வரும் என அறிவிக்கப்பட்ட புதிய டெஸ்லா ரோட்ஸ்டரும் சொன்ன ஆண்டில் வரவில்லை.

விற்பவரின் அச்சம்

இக்கேள்வி நிறுவனங்களையும் வருத்துகிறது. அமெரிக்காவின் ஆஸ்போர்ன் நிறுவனம் 1981-ல் தூக்கிச் செல்லும் கணினியை விற்றுப் புகழ் பெற்றது. 1983-ல் அடுத்த மாடல் பற்றிய செய்தி முன்கூட்டியே வெளியானதும் வாடிக்கையாளர்கள் காத்திருக்கத் தொடங்கினர். இருப்பில் இருந்த கணினிகள் தேங்கின. அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்ததாகச் சிலர் கருதுகின்றனர். ஆயினும் இது "ஆஸ்போர்ன் விளைவு" என வணிகப் பாடங்களில் நிலைத்துவிட்டது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் இதையொத்த காட்சி தோன்றியது. ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், செப்டம்பர் 22 வரை பலர் கார் வாங்குவதைத் தள்ளிவைத்தனர். அன்று சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமானது. மின்சாரக் கார்களின் வரி 5 சதவீதமாகவே தொடர்ந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த விலை வேறுபாட்டின் கணக்கு மீண்டும் மாறியது.

கார் ஒன்று, பேட்டரி வேறு

காத்திருப்புக்குக் காரணம் பேட்டரி பற்றிய அச்சம் என்றால், பேட்டரியின் பொறுப்பை வாங்குபவர் தலையிலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனையும் பழையதே. 1910-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின் நிறுவனம், வண்டியை வாங்குவோருக்குப் பேட்டரியை மாற்றித் தரும் சேவையை நடத்தியது. ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனம் விண்ட்சர் காரை இதே கருத்தில் அறிமுகப்படுத்தியது. பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்பது அதன் தொடக்க ஏற்பாடு. முதல் உரிமையாளருக்கு நீண்டகாலப் பேட்டரி உத்தரவாதம் தரும் வழக்கமும் பெருகிவருகிறது. சார்ஜ் முறையிலும் குழப்பம் குறைந்துள்ளது. தொடக்ககாலக் கார்கள் சில பயன்படுத்திய பாரத் டிசி-001 முறை பின்தங்கி, சிசிஎஸ்-2 பொது முறையாகிவிட்டது. முன்பு காத்திருக்கச் சொன்ன காரணங்களில் இவை நீங்கியவை.

அரும்பாவூரிலிருந்து ஒரு கணக்கு

இவ்வரலாற்றை ஒரு குடும்பத்தின் நிலையில் வைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் கார் ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர், அரும்பாவூரிலிருந்து பெரம்பலூருக்கு மாதம் 25 நாள் வேலைக்குச் சென்று திரும்புகிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 60 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 4 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் அளவில் 400 ரூபாய் ஆகும். மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 9 அல்லது 10 யூனிட் போதும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கூடுதலாகவே வைத்தாலும் 100 ரூபாய். ஒரு நாளில் மிச்சம் 300, மாதத்தில் 7,500, ஆண்டில் 90,000. இவருக்கு ஓராண்டுக் காத்திருப்பின் விலை 90,000 ரூபாய். 2024 பிப்ரவரியில் நடந்ததுபோல் 1.2 லட்சம் விலை குறைந்தாலும், காத்திருந்து பெற்ற நிகர லாபம் 30,000 மட்டுமே. விலை குறையாவிட்டால் முழுவதும் நட்டம்.

அதே ஊரில் வாரம் இருமுறை மட்டும் பெரம்பலூர் போய்வரும் மற்றொருவர் மாதத்தில் 8 நாள் ஓட்டுகிறார். அவரது மிச்சம் ஆண்டுக்கு 28,800. அவர் ஓராண்டு பொறுப்பதால் இழப்பது சிறிது. விலை குறைந்தால் அவர் பெறுவது பெரிது.

தூரத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். பெரம்பலூருக்குப் போய்வர 2020-ஆம் ஆண்டு மாடலே போதும். திருச்சிக்குப் போய்வர 170 கி.மீ. அளவில் ஆகும். பழைய 30 யூனிட் பேட்டரிக்கு அது இறுக்கமானது, 45 யூனிட் பேட்டரிக்கு எளிது. சென்னைக்கு ஒருவழிப் பயணமே 290 கி.மீ.க்கு மேல். இடையில் நெடுஞ்சாலைச் சார்ஜ் நிலையத்தில் நின்று போகலாம். மாதம் நான்கு முறை சென்னை செல்பவருக்கு அடுத்த பேட்டரி உண்மையிலேயே வேறுபாடு உண்டாக்கும். ஆண்டுக்கு இருமுறை செல்பவருக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

முடிவுரை

காத்திருப்பின் வரலாறு மூன்று கேள்விகளை நம்மிடம் விட்டுச் செல்கிறது. எதற்காகக் காத்திருக்கிறோமோ அதற்குத் தேதியும் விலையும் அறிவிக்கப்பட்டுள்ளனவா? 2019 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் அவை கண்ணுக்குத் தெரிந்தன. எடிசனின் பேட்டரிக்கும் டெஸ்லா ரோட்ஸ்டருக்கும் அவை உறுதியாக இருக்கவில்லை. இரண்டாவது, காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நமக்கு எவ்வளவு செலவு வைக்கிறது? மூன்றாவது, இன்றைய காரால் நம் அன்றாடப் பயணம் முடியுமா?

தேதி தெரிந்து, மாதச் செலவு சிறிதாக இருந்தால் காத்திருப்பதில் தவறில்லை. தேதி தெரியாமல், நாள்தோறும் பெட்ரோல் செலவு ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு மாறிவிடும். மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத ஒரு தாளும், கடந்த மாதப் பெட்ரோல் ரசீதுகளும் போதும்.